அம்மனை எங்கே கொண்டுபோவது? மலையகக் கோவில்களும் மாறிவிட்ட மழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் பரிபாலன சபையில் ஒன்பது வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். கணக்குப் புத்தகம், திருவிழா ரசீது, ஒலிபெருக்கி அனுமதிக் கடிதம், இவ்வளவுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்துபோன பிறகு நிலைமை வேறு. சபைக் கூட்டத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். எனக்குத் தெரிந்ததையும், பூசாரியிடமும் குருக்களிடமும் மண்சரிவு பார்க்க வந்த உத்தியோகத்தர்களிடமும் கேட்டு அறிந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டேன்.

மழையும் வெயிலும் பாட்டன் காலத்திலும் இருந்தன. இப்போது மட்டும் என்ன புதிதாகப் பேசுகிறீர்கள்?

மழை புதிதல்ல, அது பெய்யும் விதம்தான் புதிது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் இறக்கிவைத்துத்தானே ஆக வேண்டும்? என் பாட்டி கொங்காணி போட்டுக்கொண்டு கொழுந்து பறித்த மழை, நாள்கணக்கில் நசநசவென்று பெய்த மழை. இப்போது மூன்று வாரம் வெயில் காய்கிறது, நான்காவது வாரம் ஓர் இரவில் எல்லாம் கொட்டிவிடுகிறது. மண் ஒரு குடத்தைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த குடம் விழுகிறது.

டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் இழப்பு மிகப் பெரிது. எல்லாப் பழியையும் சூடான காற்றின் மேலேயே போட்டுவிடவும் முடியாது. முதலில் கோப்பிக்காகவும், 1867க்குப் பிறகு தேயிலைக்காகவும் இந்த மலைகளின் காட்டை வழித்தெடுத்தார்கள். ஆழமாக வேரோடிய மரங்கள் போன சரிவில்தான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லயங்களும் கோவில்களும் நிற்கின்றன.

புனித இடம் என்றால் சிவனொளிபாத மலையைத்தானே சொல்கிறீர்கள்? எங்கள் முனியாண்டி கோவிலெல்லாம் இதில் சேருமா?

சேரும். எனக்கு அதுதான் முக்கியம். சிவனொளிபாத மலைக்கு ஒன்று என்றால் நாடே பேசும். சீதா எலியாவில் 2024 மே மாதம் சீதையம்மன் கோவில் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீரே வந்தது. ஆனால் கான் (வடிகால்) ஓரத்தில் சூலம் நட்ட முனியாண்டி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் முன் தேங்காய் உடைக்கும் கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலை வாசலில் இருக்கும் ரோதைமுனி, இவர்களெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு மண்சரிவில் போனால் சேத விபரப் படிவத்தில் எழுதுவதற்குக்கூட ஒரு கட்டம் இல்லை.

சிவனொளிபாத மலைக்கு என்ன வந்துவிடப் போகிறது? அது பாறைதானே?

பாறை அங்கேயேதான் இருக்கும். 2,243 மீற்றர் உயரத்தில் பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதமாகவும், நமக்குச் சிவனின் பாதமாகவும், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதமாகவும் இருப்பது கரைந்துவிடாது. கவலையெல்லாம் பாறையைச் சுற்றியிருக்கும் காட்டைப் பற்றியது. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் அதுவும் ஒரு பகுதி. மழை பெய்யாத நாளிலும் அந்தக் காடு மூடுபனியை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்கும். காற்று சூடாகி முகில் மேலே ஏறிப்போனால் அந்தச் சொட்டு நின்றுவிடும். யாத்திரீகர்கள் தலை நனைத்துக்கொண்டு ஏறும் சீதகங்குலையில் ஓடுவது அந்தச் சொட்டுதான். அடிவாரத்து ஊருக்கு நல்லதண்ணி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்தார்கள்.

இன்னொன்று பருவம். உந்துவப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை, அதாவது டிசம்பரிலிருந்து மே வரை, ஏறும் காலம். இதைத் தீர்மானித்தது எந்தச் சபையும் அல்ல. தென்மேல் பருவமழை இல்லாத மாதங்கள் இவை, அவ்வளவுதான். பருவம் நிலைதடுமாறினால் யாத்திரைக் காலமும் தடுமாறும்.

மஸ்கெலியாவில் தண்ணீர் வற்றிப் பழைய கோவில் வெளியே வந்ததே, உலகம் சூடாவதன் அடையாளம்தானே அது?

அவசரப்படக் கூடாது. அந்தக் கோவிலை மூழ்கடித்தது காலநிலை அல்ல, அணைக்கட்டு. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே உள்ளே போனது. வறட்சி வந்து நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவில் தலைகாட்டும். பௌத்த விகாரையின் எச்சங்களும் பள்ளிவாசலின் எச்சங்களும் அப்படியே. சேற்றில் கால் புதையப் புதைய நடந்துபோய்க் கற்பூரம் ஏற்றுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் நீர்மட்டம் மழையை மட்டும் பார்த்து இறங்குவதில்லை, மின்சாரத்துக்கு எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஒரு வருடம் வெளியே வந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. ஒரு நகரத்தின் கோவிலைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேலே வேறொரு கோவில் கட்டி வழிபட்டவர்கள் நாம். கொத்மலை நீர்த்தேக்கத்திலும் இதுதான் நடந்தது. கடதொர விகாரை உட்படப் பல விகாரைகள் மூழ்கியதற்கு ஈடாகத்தான் மேலே மகாவலி மகாசாய என்ற தூபி எழுந்தது. புனித இடத்தை இழந்து பிழைத்துக்கொள்வது இந்த மலைக்குப் பழக்கமான காரியம்.

எங்கள் பீலி (ஊற்றுக் குழாய்) வற்றிவிட்டது. கரகம் எங்கே பாலிப்பது (நீர் நிறைத்து அலங்கரிப்பது)? பவுசர் வண்டித் தண்ணீரில் பாலித்தால் குற்றமா?

இதை என்னிடம் முதலில் கேட்டது எங்கள் பணிய (கீழ்) லயத்துப் பெரியம்மா ஒருவர். எங்கள் பீலி பாறை இடுக்கில் செருகிய ஒரு பாதிக் குழாய். திருவிழாவுக்கு முதல் நாள் அதை மஞ்சள் தண்ணீரால் கழுவி, வாயில் ஒரு செவ்வந்திச் சரம் கட்டுவோம். விடியுமுன் பூசாரி செம்பை அதன் கீழ் பிடிப்பார். பறை ஓயும். செம்பு நிறையும் சத்தம் மட்டும் கேட்கும். சென்ற பங்குனியில் பறை ஓய்ந்த பிறகும் அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு செம்பு நிறையக் கால் மணிநேரம் ஆனது. யாரும் பேசவில்லை.

பூசாரியின் பதில் இதுதான்: எந்தத் தண்ணீரானாலும் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி என்று ஏழு நதிகளையும் அதில் அழைப்பதற்கு மந்திரம் இருக்கிறது, குற்றமில்லை. இதற்கு மேல் என் பங்குக்கு நான் சொல்வது: எங்கள் குளிரில் வேம்பு வளராது, கரகத்துக்கு வேப்பிலையே மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வருகிறது. வேப்பிலை டிக்கெட் எடுத்து வரலாம், தண்ணீர் வரக்கூடாதா?

சமாதானம் சொல்லிவிட்டேன், மனம்தான் ஆறவில்லை. பெரு நாட்டு அந்தீஸ் மலையில் கொய்யூர் ரித்தி என்று ஒரு யாத்திரை. பனியாற்றிலிருந்து பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து ஊருக்குக் கொண்டுவருவது அவர்களுடைய கரகம். பனியாறு சுருங்குவதைக் கண்டு அவர்களே வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சடங்கைக் குறைத்து மலையைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நாங்களும் பீலிக்கு மேலே உள்ள காட்டுத் துண்டில் விறகு வெட்டுவதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்துகொண்டோம். மூன்று பேர் மீறினார்கள். இருவர் சபை உறுப்பினர்கள்.

மழைக்கு யாகம் செய்கிறோம், கொடும்பாவி உருவம் செய்து இழுக்கிறோம். பலன் உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

மழை வருமா என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இல்லை. வேறொரு பலனைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கொடும்பாவி இழுக்கும் நாளில்தான் தோட்டத்தின் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் ஓரிடத்தில் கூடுகின்றன. அன்றைக்கே மண்வெட்டி எடுத்துக் கோவிலைச் சுற்றியுள்ள கான்களைத் தூர்வாரிவிட்டால், மழை வந்தபின் அது கான் வழியே இறங்கிப்போகும். கேட்டு வாங்கிய மழைக்கு வழி வெட்டி வைக்காமலிருப்பதுதான் எனக்குத் தெரிந்து அபசாரம்.

கர்ப்பக்கிரகத்துக்குப் பின்னால் புதிதாக ஊற்று வந்திருக்கிறது. கங்கையே வந்துவிட்டாள் என்கிறார்களே?

ஒரு கோவிலுக்கு இப்படி அழைத்துக்கொண்டு போனார்கள். பின்சுவர் அடியில், ஒரு சாண் அகலத்தில், தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மஞ்சள், குங்குமம், ஒரு தட்டில் ஏழெட்டு வெற்றிலை. பெண்கள் குனிந்து தலையில் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தேன். தேநீர் நிறம். நிமிர்ந்து பார்த்தால் மேலே மண்மேட்டில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, பிறை மாதிரி வளைந்து போயிருந்தது.

இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, தெளிந்த தண்ணீர் கலங்குவது, தரையிலும் சுவரிலும் வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்வது, நேற்று வரை மூடிய கதவு இன்று நிலையில் இறுகுவது, இவை மலை இறங்கப் போவதன் அறிகுறிகள். மண்சரிவு பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வரும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள். அன்று நான் "கங்கை இல்லை" என்று வாதாடவில்லை. "கங்கை வந்திருந்தால் நம்மை எழுப்பத்தான் வந்திருக்கிறாள், எழுந்து போவோம்" என்றேன். அன்றிரவே கீழ் வரிசைக் குடும்பங்கள் பாடசாலைக்குப் போனார்கள். நம்பிக்கையை உடைக்காமல் ஆளை நகர்த்த முடியுமானால் அந்த வழியையே எடுங்கள். முடியாவிட்டால் உடையட்டும், ஆள் முக்கியம்.

பெருமழை இரவில் ஓடிப்போய்க் கோவிலில் இருந்தால் அம்மன் காப்பாற்ற மாட்டாளா?

கோவில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அங்கே போகாதீர்கள். எந்தக் கோவில், எந்தப் பள்ளிக்கூடம் பாதுகாப்பானது என்பதை வெயில் நாளிலேயே கிராம உத்தியோகத்தர் மூலம் எழுதிக் கேட்டு வாங்கி, மண்டபத்தில் ஒட்டிவையுங்கள்.

மழைமானி ஒன்று வாங்கிவையுங்கள். திருவிழா வாணச் செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழித்திருங்கள், 100 தாண்டினால் மூட்டை கட்டுங்கள், 150 என்றால், அல்லது ஒரே மணிநேரத்தில் 75 என்றால், உடனே வெளியேறுங்கள். எங்கள் பூசாரி காலைப் பூசைக்கு மணியடித்த கையோடு அளவைப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் மடப்பள்ளிச் சுவரில் எழுதுகிறார். ஒலிபெருக்கியும் இருக்கிறதே, பக்திப் பாட்டுக்கு மட்டுமா அது? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

அம்மனை இடம் மாற்றலாமா? தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தை விட்டால் சாபம் வராதா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

ஆகமக் கோவில் என்றால் வழி தெளிவாக இருக்கிறது. திருப்பணிக்காகப் பாலாலயம் செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூலமூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, சின்னதாக ஓர் இளங்கோவிலில் பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, வேலை முடியும் வரை பூசை அங்கே நடக்கும். பிறகு கும்பாபிஷேகம். சுயம்பு மூர்த்தி என்றால் சிக்கல், அதற்குக் குருக்கள்மாரைத்தான் கேட்க வேண்டும். நம் தோட்டத்துக் கோவில்களில் சுயம்பு என்று சொல்லிக்கொள்பவை சிலவே.

மாரியம்மன், முனியாண்டி, மாடசாமிக்கு ஆகமம் வேண்டாம், பிடிமண் போதும். இங்கேதான் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். எங்கள் அம்மன் இந்தப் பாறையில் பிறந்தவள் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமத்துக் கோவில் வாசலிலிருந்து ஒரு பிடி மண், மடியில் முடிந்துகொண்டு, கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தது. அந்த நடையில் எத்தனையோ பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். மாத்தளையில் அவர்கள் தங்கி மூச்சுவிட்ட இடத்தில்தான் முத்துமாரியம்மன் கோவில் நிற்கிறது. சாபம் வருவதாக இருந்தால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் பிள்ளைகளோடு நடந்து வந்தவளை, முந்நூறு கெஜம் கீழே வரமாட்டாள் என்று சொல்ல நாம் யார்?

சாத்திரம் சரி. நிலம் யார் தருவார்?

வழி அடைபடும் இடம் இதுதான். தோட்ட நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பெனிகளின் கையில் குத்தகைக்கு இருக்கிறது. லயத்துக் காம்பராவே நம் பெயரில் இல்லாதபோது கோவில் எப்படி இருக்கும்? பழைய கோவிலை யாரும் கேள்வி கேட்பதில்லை, புதிய இடம் கேட்டால்தான் எல்லாச் சட்டமும் பேசும். நாங்கள் எழுதிய கடிதம் தோட்டக் காரியாலயத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மறுபடி தோட்டத்துக்கும் போய்வந்தது. இரண்டாம் முறை திரும்பியபோது அதில் ஒரு தேநீர்க் கறையும் சேர்ந்திருந்தது.

கோவிலுக்கு மட்டும் தனியாக நிலம் கேட்காதீர்கள், லயத்தை மாற்றக் கேட்கும் அதே கடிதத்தில் கோவிலையும் சேருங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தை ஞாபகமிருக்கிறதா? 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தார்கள். போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை வெறும் காகிதம். கோவிலை விட்டு வரமாட்டோம் என்று மக்கள் சொல்வதாகச் சில அதிகாரிகள் எழுதுகிறார்கள். கோவிலுக்கும் சேர்த்து இடம் காட்டிப் பார்த்தார்களா என்பது என் கேள்வி.

மற்ற மதத்தவர்கள் என்ன செய்கிறார்கள்?

அவர்களும் வானத்தைப் பார்க்கிறார்கள். கண்டியில் புத்தரின் புனித தந்தத்தை வெளியே எழுந்தருளச் செய்தால் மழை வரும் என்பது பழைய நம்பிக்கை. முஸ்லிம்கள் வறட்சியில் திறந்த வெளியில் மழைத் தொழுகை தொழுகிறார்கள், அதில் முதலில் பாவமன்னிப்புக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கத்தோலிக்கருக்குப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் பூமியைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். அதே வருடம் இந்து, இஸ்லாமியத் தலைவர்களும் அறிக்கைகள் விட்டார்கள். அறிக்கைகளைப் படித்தேன், நல்லவை. எங்கள் கானில் இறங்க அவற்றுக்குக் கால் இல்லை.

கோவிலே மலையைக் கெடுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அநியாயமில்லையா?

பாதி நியாயம். மண்டபத்தைப் பெரிதாக்க மேட்டை நேர்குத்தாக வெட்டுகிறோம், வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளுகிறோம், சரிவின் விளிம்பில் கொங்கிறீட் கோபுரம் ஏற்றுகிறோம், அதற்கு இடைஞ்சல் என்று அரச மரத்தைத் தறிக்கிறோம். முன்னோர் மரத்தடியில் கல்லை வைத்துக் கும்பிட்டபோது மலைக்கு ஒரு பாரமும் இல்லை. புதிய கோபுரத்துக்கு நன்கொடைப் புத்தகம் நீட்டுகிறவரிடம், மண் பரிசோதித்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள். நான் கேட்டதால் ஒரு சபையில் எனக்கு இப்போது மாலை போடுவதில்லை.

உலகத்தைச் சூடாக்கியது யாரோ. கோவிலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது நாங்களா?

ஆமாம், நியாயமில்லை. இலங்கையர் ஒருவர் விடும் கரியமிலவாயு உலகச் சராசரியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் விறகடுப்பும் நாற்பது வாட் பல்புமாக வாழும் லயத்துக் குடும்பத்தின் பங்கைச் சொல்லவே வேண்டாம். இதைக் கேட்க வேண்டிய மேடைகளில் கேட்கத்தான் வேண்டும். நியாயம் வரும்வரை மண்மேட்டின் கீழ் படுத்திருக்க மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இதெல்லாம் அம்மனின் கோபம்தானே?

கோபம் என்றால், குற்றம் செய்தவர் மேல் அல்லவா விழ வேண்டும்? மீரியபெத்தையில் யார் மேல் விழுந்தது? இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பூசாரி சொல்வார், அம்மை போட்ட பிள்ளையின் உடம்பில் அம்மன் இருக்கிறாள் என்றுதான் நாம் சொல்வோம், அம்மன் அடித்தாள் என்று சொல்வதில்லை என்று.

உங்கள் கோவிலை மாற்றிவிட்டீர்களா?

இல்லை. பாலாலயம் மட்டும் ஆகியிருக்கிறது. பாடசாலைக்குப் பக்கத்தில், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் பின்புறம், நாலு கம்பும் ஆறு தகரமும் கொண்ட ஒரு கொட்டகையில் அம்மன் இருக்கிறாள். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் மந்திரம் கேட்பதில்லை. கடிதம் மூன்றாம் முறை போயிருக்கிறது. மேலே பழைய கோவிலில் விளக்கு ஏற்றக் கூடாது என்று சபையில் தீர்மானம் போட்டோம், கையெழுத்து என்னுடையது. போன வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கம் மானி பார்க்கப் போனபோது, திரி இன்னும் சூடாக இருந்தது.